குதிரை ஏறாத குடும்பம்

1

என் வீட்டுக்காரரின் ஊரில் இந்த வருஷம் மறுபடி புரவி எடுக்கப்போகிறார்களாம். திருமயத்துப் பக்கத்திலிருந்து போன வாரம் கப்பலிறங்கிய ஒருவர் எங்கள் தோட்டத்துக்கு வந்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே இந்தச் செய்தியைச் சொன்னார். கூடவே என் மூத்தார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், சொல்லிவிட்ட இன்னொரு சேதியையும் சொன்னார். அதைக் கடைசியில் எழுதுகிறேன். கேட்டதும் என் வீட்டுக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு ஏழு வருஷத்துக்கு முன்னால் குடும்பத்தோடு போன ஒரு கேளிக்கைப் பூங்கா ஞாபகம் வந்தது.

மலேயாவைப் பற்றி ஊர்ப் பத்திரிகைக்கு எழுதுகிறவர்கள் எல்லோரும் ரப்பர் மரத்தையும் மழையையும் இரண்டு பக்கம் எழுதிவிட்டு, ஊரை நினைத்து ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு முடிக்கிறார்கள். எனக்கு அது வராது. ஊரில் இருந்தபோது ஊரைப் பிடிக்கவில்லை. இங்கே வந்து இந்த இடமும் பிடிக்கவில்லை. நாட்டின் பெயரைக்கூட இப்போது மாற்றிவிட்டார்கள். பெயரை மாற்றினாலும் கொசு அதேதான். நீங்கள் அங்கே நினைத்துக்கொண்டிருப்பதுபோல இங்கே மரத்தில் பணம் வடியவில்லை. பால்தான் வடிகிறது. அதுவும் துரையின் வாளிக்குப் போகிறது.

2

நான் குளத்தூர்க்காரி. எட்டாம் வகுப்பு வரை புதுக்கோட்டையில் படித்தேன். எங்கள் சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்த மறு வருஷம் எனக்குக் கல்யாணம். ராஜா போனால் நாட்டில் பாலும் தேனும் ஓடும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எங்கள் கிணற்றில் தண்ணீர்கூட ஊறவில்லை. அந்தச் சமயத்தில்தான் மலேயாவில் கிராணி உத்தியோகம் பார்க்கிற மாப்பிள்ளை என்று ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கிராணி என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கலெக்டருக்கு ஒரு படி கீழே என்று தரகர் சொன்னார். தோட்டத்து ஆபீசில் ஆள்பேர் எழுதுகிற வேலை என்பது பினாங்கில் இறங்கிய பிறகு தெரிந்தது.

நான் இறங்கிய அந்த வைகாசி நாளை என் வீட்டுக்காரர் வருஷாவருஷம் கொண்டாடுவார். என்னவோ என்னைக் கடலிலிருந்து இவரே வலைவீசிப் பிடித்துக் கரைசேர்த்த மாதிரி. அன்றைக்கு எல்லோரையும் எங்கேயாவது வெளியே கூட்டிப்போவார். காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை, தலையில் தொப்பி. துரையிடம் 'எஸ் சார்' என்பார், எங்களிடம் 'நோ' என்பார். அவர் ஆங்கிலத்தில் பெரும்பகுதி அவ்வளவுதான். மீதியை நாயிடம் பேசுவார். அது ஒன்றுதான் திருத்தாமல் கேட்கும்.

சாப்பாடு, உடுப்பு, சாமி, பேச்சு எல்லாவற்றையும் இவர் கப்பலிலேயே விட்டுவிட்டு வந்த மனிதர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அண்ணன் வந்ததும்தான் மிச்சம் இருப்பது தெரிந்தது.

3

மூத்தார் இங்கே வந்தது, மெர்டேக்கா என்று இங்கே சொல்கிற சுதந்திரம் கிடைத்த அடுத்த வருஷம், மாசியில். தம்பி குடும்பத்தைப் பார்த்துவிட்டு ஆடிக்குள் திரும்புவதாக ஏற்பாடு. வந்திறங்கிய மறுநாள் காலையில் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "என்னடா தம்பி, எங்கிட்டுப் பாத்தாலும் மரமா நிக்குது! கண்ணுக்கு ஒரு பொட்டக்காடு இல்லயே" என்று வருத்தப்பட்டார். திருமயத்துப் பொட்டலைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வருத்தத்தின் அருமை புரியும்.

எங்கள் பக்கத்தில் தம்பி பெண்டாட்டி மூத்தாரோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. அவர் கூடத்தில் இருந்தால் நான் கதவுக்குப் பின்னால் நிற்கவேண்டும். அவரிடம் ஏதாவது சொல்லவேண்டுமானால் அங்கே இருக்கிற குழந்தையிடம் சொல்வதுபோல் சொல்லவேண்டும். மூன்று மாசமும் எனக்குத் தூது என் இளையவன் குமார்தான். அவனுக்கு அப்போது நாலு வயது.

"குமாரு, பெரியப்பாவுக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு."

குமார் கேட்கமாட்டான். தோசையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். பெரியப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "போதும்னு ஒங்க ஆத்தாகிட்டச் சொல்லுப்பா" என்பார். நாலடி தூரத்தில் நிற்கிற இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு பொடியன் தலைக்கு மேலே பேசிக்கொண்ட கூத்தை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிக்கவும் கூடாது.

இந்தக் குடும்பத்துக்கு இன்னொரு விசேஷம் உண்டு. இவர்கள் குதிரை ஏறமாட்டார்கள். குலசாமி அய்யனார். அய்யனாருக்கு வாகனம் குதிரை. சாமி ஏறுகிறதில் நாம் ஏறலாமா என்பது கட்டுப்பாடு. ஊருக்கு வெளியே காரைச்செடி மண்டிய காட்டில் அய்யனார் இருக்கிறார். அவருக்கு முன்னால் இரண்டு பக்கமும் மண்குதிரைகள் வரிசையாக நிற்கும். கழுத்தை நிமிர்த்தி, வாயைத் திறந்து, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். புதுப்பெண்ணாக அங்கே போனபோது, "ஏறி ஒக்காரலாம்போல இருக்கு" என்று நான் வாயைவிட்டுவிட்டேன். என் மாமியார் என் வாயைப் பொத்தினார்.

நல்ல கட்டுப்பாடுதான். ஆனால் அந்த ஊரில் ஏறுவதற்கு எந்தக் குதிரை இருந்தது? கட்டைவண்டியும் எருமையும் தவிர நான் எதையும் பார்க்கவில்லை. இல்லாத ஒன்றில் ஏறாமல் இருப்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். புதுக்கோட்டையில் ஜட்கா ஏறுவீர்களே என்று ஒருதரம் என் வீட்டுக்காரரைக் கேட்டேன். ஜட்காவில் குதிரை முன்னால் போகிறதாம், நாம் பின்னால் போகிறோமாம். அது ஏறினதில் சேராதாம்.

புரவி எடுப்பு என்பது அந்த மண்குதிரைகளைப் புதிதாகச் செய்து, மண்பாண்டம் செய்கிற வேளார் வீட்டிலிருந்து ஊர்கூடித் தோளில் தூக்கிக்கொண்டு போய் அய்யனாருக்கு வைக்கிற திருவிழா. மழையும் பணமும் பகையும் பார்த்துத்தான் நடக்கும். ஒருதரம் நடந்தால் அடுத்தது எத்தனை வருஷம் கழித்தோ. அதற்கு முதலில் ஒரு பிடி மண்ணை எடுத்து வேளார் கையில் கொடுக்கவேண்டும். பிடிமண் கொடுப்பது என்பார்கள். அது என் மூத்தார் வீட்டு உரிமை. அந்த வருஷமும் பிடிமண் கொடுத்துவிட்டுத்தான் அவர் கப்பலேறியிருந்தார். கையை அடிக்கடி விரித்துப் பார்த்துக்கொள்வார், இன்னும் அதில் மண் ஒட்டியிருக்கிற மாதிரி.

4

என் மூத்தவள் தனத்துக்கு அப்போது ஏழு வயது. டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். தோட்டத்து லாரியில் போய் வருவாள். பசித்தால் 'மக்கான்' என்பாள், வலித்தால் 'சாக்கிட்' என்பாள். என்னை ஆத்தா என்று கூப்பிடச் சொல்லிப் பழக்கிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் சிரிக்கிறார்கள் என்று அம்மாவுக்கு மாறி, பிறகு அதிலும் பாதியை விழுங்கிவிட்டாள். பெரியப்பாவை அங்கிள் என்றாள். மூத்தாருக்கு அது பொறுக்கவில்லை.

ஒருநாள் சாப்பிட்டுக் கைகழுவியபின் சொன்னார்: "தம்பி, பொம்பளப் புள்ளய இங்கிட்டு வச்சு வளத்தா நாளைக்கு எவன்டா வந்து கட்டுவான்? தமிழே அதுக்கு வாயில வரமாட்டேங்குது. நான் கூட்டிட்டுப் போறேன். நம்ம வீட்டுல எல்லாம் ஆம்பளப் பயலுகதான். எங்கிட்ட வளரட்டும்."

"அண்ணே சொன்னாச் சரிதான்" என்றார் என் வீட்டுக்காரர். தோட்டத்தில் துரைக்கு ஆடுகிற தலை, வீட்டில் அண்ணனுக்கு ஆடியது. அந்தத் தலை எனக்காக ஒருநாளும் ஆடியதில்லை.

என்னிடமும் கேட்டார். கேட்கவில்லை என்று சொல்லக்கூடாது. "ஒனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லயே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார். அன்றைக்கு உலையில் அரிசி போட்டேனா என்பதுகூட ஞாபகமில்லாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

குழந்தைக்குப் பாஸ்போர்ட்டும் திரும்பி வருவதற்கான அனுமதியும் வாங்கக் குடிநுழைவு ஆபீசுக்கு என்னையும் கூட்டிப்போனார். தகப்பன் பெயரை முன்னால் எழுதுவதா பின்னால் எழுதுவதா என்று அவரும் அங்கே இருந்தவரும் அரைநாள் விவாதித்தார்கள். அந்த நேரத்தில் வாசலில் இருந்த மலாய்ப் பியூன் என்னிடம் பேச்சுக் கொடுத்தான். பசாரில் காய்கறிக்காரியிடம் சண்டைபோட்டுக் கற்ற மலாய் எனக்குக் கைகொடுத்தது. குழந்தையை எதற்காக அனுப்புகிறாய், அனுமதிக்குத் தவணை உண்டு, தவணை தாண்டிவிட்டால் அவள் வேற்றுநாட்டு ஆள், மறுபடி உள்ளே வருவது உன் இஷ்டத்தில் இல்லை என்றான்.

உள்ளேயிருந்து வந்த என் வீட்டுக்காரரிடம் அதைச் சொன்னேன். "அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்றார். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த ஆபீசில் என் சம்மதம் கேட்கிற இடம் எந்தத் தாளிலும் இல்லை.

தனத்திடம், "பெரியப்பாகூடக் கப்பல்ல போயிட்டு வருவே" என்று மட்டும் சொன்னார்கள். அதற்கு முன்னால் அவளைச் சந்தோஷப்படுத்தவேண்டும் அல்லவா? என் கப்பலிறங்கிய நாள் வந்தது. இந்தத் தடவை கோலாலம்பூரில் கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிறோம் என்று அறிவித்தார். அங்கே குதிரை ராட்டினம் இருக்கிறது, அதில் ஏறலாம் என்று தனத்துக்கு அவரே வாக்குக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லி அவள் பல மாசமாக அந்தக் குதிரையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெட்டப்போகிற கிடாய்க்கு மாலை போடுகிற வேலைதான் இது என்று எனக்குத் தெரியும். புளிச்சோறு கிண்டினேன்.

5

அந்தப் புளிச்சோறு பூங்காவரை போகவில்லை. அவசரகாலச் சட்டம் இன்னும் அமலில் இருந்த காலம். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி, வாசலில் காவல். சோற்றைக் கட்டிக்கொண்டு வெளியே போகக்கூடாது. காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்ட்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று சட்டம். இது தெரியாதவள் இல்லை நான். மூத்தார் வெளியே வாங்கித் தின்னமாட்டார், அதனால் கொஞ்சம் எடுத்து வை என்று என் வீட்டுக்காரர்தான் சொன்னார். காவல்காரன் தனக்கு வேண்டியவன் என்றார். காவல்காரன் பொட்டலத்தைப் பிரித்தான், முகர்ந்தான், எடுத்துக்கொண்டான். என் புளிச்சோற்றைத் தின்று தெம்பாகி அவர்கள் ராஜ்யத்தைக் கவிழ்த்துவிடுவார்கள் என்று அரசாங்கத்துக்கு அவ்வளவு பயம். வேண்டியவனிடம் ஒரு வார்த்தை பேசாமல், என் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தார்.

பஸ்ஸில் மூத்தார் பசியோடு வந்தார். அடையாளக் கார்டைக் காட்டு, இறங்கு, ஏறு என்று வழியில் வேறு நிறுத்தினார்கள். "இந்த ஊருல மனுசன் ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடம் போறதுக்குள்ள சாயம் போயிரும்போல" என்றார். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்த ஒரே வாசகம் அதுதான்.

6

பூங்கா வாசலில் வெயில் இருக்கும்போதே விளக்குகளை எரியவிட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் சத்தம். ஒரு கொட்டகையில் சீன நாடகம், எதிர்க்கொட்டகையில் மலாய்ப் பாட்டு, நடுவில் மணியடித்து ஐஸ் விற்கிறவன். சீட்டு வாங்கினால் ஒரு பெண் உங்களோடு ஆடுவாள் என்று ஒரு மண்டபம் இருந்தது. மூத்தாருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பலகையை மட்டும் வெகுநேரம் படித்தார்.

எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து என் வீட்டுக்காரர் ஒரு கத்தைச் சீட்டு வாங்கினார். தொலைத்துவிடாதே என்று என்னிடம் கொடுத்தார். முந்தானையில் முடிந்துகொண்டேன்.

பேய்வீடு என்று ஒன்று. பயப்படுவதற்குக் காசு கொடுக்கிறார்கள். இருட்டில் ஒரு வண்டியில் உட்காரவைத்து உள்ளே தள்ளினால் எலும்புக்கூடு கையை ஆட்டுகிறது. மற்றபடி அது எனக்கு வீட்டு விவகாரம்போலத்தான் இருந்தது. இருட்டில் எவனோ தள்ளிவிடுகிறான், எங்கே போகிறோம் என்று நம்மிடம் சொல்வதில்லை. அடுத்தது மோதிக்கொள்கிற கார்கள். என் வீட்டுக்காரர் தொப்பி கழற்றாமல், துரை வண்டி ஓட்டுகிற தோரணையில் ஓட்டினார். சுற்றியிருந்த பையன்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி அவர்மேல் வந்து மோதினார்கள். அந்த ஒரு சீட்டு வீண்போகவில்லை.

பெரிய ராட்டினத்தில் ஏறுமுன் மூத்தார் செருப்பைக் கழற்றிக் கீழே விட்டார். எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. உயரமான இடத்துக்குப் போவதென்றால் செருப்போடு போகக்கூடாது என்று உடம்பிலேயே ஊறிவிட்டது. நார்த்தாமலைத் திருவிழாவில் ஆள் தள்ளுகிற மர ராட்டினம் பார்த்தவர், இது மின்சாரத்தில் சுற்றியதும் கண்ணை மூடி 'அய்யனாரே' என்றார். இறங்கிவந்து செருப்பைத் தேடினார். ஒன்றுதான் கிடைத்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு மீதி நேரமும் வெறுங்காலோடு நடந்தார்.

தனம் எதையும் கண்டுகொள்ளவில்லை. "குதிரை எங்க? குதிரை எங்க?" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள்.

7

குதிரை ராட்டினம் பூங்காவின் கோடியில் இருந்தது. வட்டமான மேடை, மேலே கூடாரம், உள்ளேயிருந்து பெட்டிப் பாட்டு. அதைப் பார்த்ததும் எனக்கே ஒரு கணம் திக்கென்றது. வெள்ளைக் குதிரைகள். நிமிர்ந்த கழுத்து, உருண்டை முழி, திறந்த வாய், வரிசைப் பல். சிவப்புச் சேணம் மட்டும் இல்லையென்றால் அய்யனார் கோயில் குதிரைகளேதான். மூத்தாருக்குக் கை தானாகக் குவிந்துவிட்டது. ஒற்றைச் செருப்பு கையில் இருந்தது நினைவுக்கு வந்து, அதை அவசரமாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"தம்பி" என்றார். "இது நமக்கு ஆகாது."

என் வீட்டுக்காரர் தனத்தின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "ஆமாண்ணே. நானும் அதத்தான் நெனச்சேன்."

நினைத்தாராம். வாக்குக் கொடுத்தது இவர்.

"அப்பா, நீங்கதான சொன்னீங்க?" என்றாள் தனம். நல்ல தமிழ் அவளுக்கு அவசரத்தில்தான் வரும்.

"நோ" என்றார் அப்பா.

அவள் அழவில்லை. கம்பித் தடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். குதிரைகள் மேலும் கீழும் ஏறி இறங்கிச் சுற்றிவந்தன. ஒவ்வொன்றும் எதிரில் வரும்போது அவள் தலையும் கூடவே ஏறி இறங்கியது. எனக்கு அந்தப் பிடரியைப் பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை. ஐந்து நாளில் கப்பல். அந்தப் பிடரிக்கு இனி யார் எண்ணெய் தேய்ப்பார்கள் என்று ஓடியது மனசு.

மூத்தாருக்கு மனசு கேட்கவில்லைபோல. சமாதானம் சொல்கிறேன் என்று குனிந்து அவளிடம் கதை சொல்ல ஆரம்பித்தார்.

"தனம், இங்கிட்டுப் பாரு. நம்ம வீட்டாளுக குதிர ஏறக்கூடாதுத்தா. அதுலயும் பிடிமண் குடுத்துட்டா, புரவி எடுத்து முடியற வரைக்கும் ரொம்பச் சுத்தமா இருக்கணும். எங்க சின்னத்தாத்தா ஒருத்தரு இருந்தாரு. பிடிமண் குடுத்த வருசம் அவரு வெளையாட்டுக்குச் சமஸ்தானத்துப் போலீஸ்காரன் குதிரையில ஏறிட்டாரு. ஊரு கூடி என்ன சொன்னாக தெரியுமா? இந்தப் புரவிக்கு நீ ஆகமாட்ட, அடுத்த புரவி எடுக்கிற வரைக்கும் எல்லைய மிதிக்கக்கூடாதுன்னுட்டாக. விராலிமலைப் பக்கம் போயிப் பொண்டாட்டி வீட்டுல கெடந்தாரு, ஒம்பது வருசம்! பெத்த தகப்பன் சாவுக்குக்கூட எல்லைக்கு அங்கிட்டு நின்னுதான் அழுதாரு."

தனம் குதிரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டது நான்.

எல்லையை மிதிக்கக்கூடாது. அடுத்த புரவி எடுக்கிறவரைக்கும்.

இடுப்பிலிருந்த குமாரின் தலையைத் தடவினேன். "குமாரு, பெரியப்பாகிட்டக் கேளு. தெரியாம ஏறுனாலும் அப்பிடித்தானா?"

மூத்தாருக்குச் சந்தோஷம். அவர் கதையை நான் இவ்வளவு மரியாதையாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. "தெரிஞ்சு ஏறுனா என்ன, தெரியாம ஏறுனா என்ன? ஏறுனது ஏறுனதுதான்னு சொல்லுப்பா."

"சின்னப் பிள்ளையா இருந்தாலுமா?"

"சாமிக்குச் சின்னது பெருசு ஏது?"

"இது வெறும் மரக்குதிரைதானே, குமாரு?"

"மண்ணுக் குதிரைய மதிக்கிறோம். மரத்துல செஞ்சா மட்டும் குதிர இல்லாமப் போயிருமா?"

"பொம்பளைகளுக்கும் உண்டா?"

"நம்ம வீட்டுல பொறந்தவுக, வாக்கப்பட்டவுக எல்லாத்துக்கும் ஒரே கட்டுத்தான்." தம்பியைப் பார்த்து, "பரவால்லடா, ஒம் பொண்டாட்டி வெவரமாத்தான் கேக்குது" என்றார்.

குமாரை இறக்கி அவன் அப்பா கையில் பிடித்துக் கொடுத்தேன். முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். ராட்டினம் நின்று ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் இருந்த சீனத்தி சீட்டைக் கிழித்தாள். தனத்தைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி, இருக்கிறதிலேயே வெள்ளையான குதிரைமேல் உட்காரவைத்தேன். அவளுக்கு என்ன நடக்கிறது என்று புரிவதற்குள், நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்துக் குதிரையில் ஒருச்சாய்த்து ஏறி உட்கார்ந்தேன்.

"ஏய்! எறங்கு! அண்ணே நிக்கிறாக!" என்று தடுப்புக்கு வெளியேயிருந்து என் வீட்டுக்காரர் கத்தினார். பெட்டிப் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. குதிரை எழும்பும்போது வயிற்றில் ஒரு கூச்சம். தனம் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், பல் விழுந்த வாய் முழுக்கச் சிரித்தாள். ஒவ்வொரு சுற்றிலும் தடுப்புக்கு வெளியே அவர்கள் மூன்று பேரும் வந்து போனார்கள். கத்துகிற தொப்பி, ஐஸ் நக்குகிற குமார், ஒற்றைச் செருப்போடு வாயைத் திறந்து நிற்கிற மூத்தார். அவர் கத்தவில்லை. நான் எதற்காகக் கேட்டேன் என்பது அவருக்கு அப்போதுதான் மெல்ல விளங்கிக்கொண்டிருந்தது.

8

திரும்பிவரும் பஸ்ஸில் குமார் என் தோளில் தூங்கிவிட்டான். தனம் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் கடிவாளம் பிடிக்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டு வந்தாள். பாதிவழியில் மூத்தார் முன் இருக்கையிலிருந்து தம்பி பக்கம் சாய்ந்தார். தாழ்ந்த குரல்தான், ஆனால் எனக்குக் கேட்டது.

"தம்பி, நடந்தது நடந்துபோச்சு. என்ன இருந்தாலும் அது மரந்தானே? ஊருல யாரு பாத்தா? நாம வாயத் தொறக்காம இருந்தாச் சரி. பிள்ளைய நான் கூட்டிட்டே போறேன்."

"அண்ணே சொன்னாச் சரிதான்" என்றார் என் வீட்டுக்காரர்.

இதுதான் இவர்கள் கட்டுப்பாடு. ஒரு குழந்தை ஆசைப்பட்டால் அது மலைபோல் நிற்கும். இவர்கள் காரியத்துக்கு இடைஞ்சல் என்றால் வெறும் மரம் ஆகிவிடும். அந்தப் பஸ்ஸில் எனக்கு வந்த அருவருப்பைப்போல முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

தூது அனுப்பக் குமார் விழித்திருக்கவில்லை. நேராகவே கேட்டேன். கல்யாணமாகி அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

"அய்யனாரு பாத்துருப்பாருல்ல, மச்சான்?"

மூத்தார் திரும்பவில்லை. வலதுகையை விரித்துப் பார்த்தார், பிடிமண் கொடுத்த கை. பிறகு மூடிக்கொண்டார். அவரிடம் நான் மதிக்கிற ஒரே விஷயம் இதுதான். பொய் சொல்லத் துணிந்தார், ஆனால் சொல்ல முடியவில்லை. என் வீட்டுக்காரருக்கு அந்தக் கஷ்டமும் இல்லை.

ஐந்தாம் நாள் மூத்தார் தனியாகக் கப்பலேறினார். புதுச் செருப்பு நான்தான் வாங்கி வைத்தேன்.

9

இதைப் படித்துவிட்டு ஊரில் சிலபேர், சாமி குற்றம் செய்துவிட்டுச் சந்தோஷமாக எழுதுகிறாளே என்று பேசுவீர்கள். பேசுங்கள். அய்யனார்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. புகுந்த வீட்டில் எனக்கு உதவிசெய்த ஒரே ஆள் அவர்தான்.

அதற்காக நான் ஜெயித்துவிட்டேன் என்றும் எண்ணவேண்டாம். தனத்துக்கு இப்போது பதினாலு வயது. தம்பியோடு இங்கிலீஷில் பேசுகிறாள், என்னோடு தோளைக் குலுக்கிப் பேசுகிறாள். பள்ளிக்கூட வாசலில் நான் நின்றால் கூட்டம் கலைகிறவரைக்கும் வெளியே வருவதில்லை. நான் பேசுகிற தமிழும் அவளுக்குக் கேலி, நான் பேசுகிற மலாயும் கேலி. எந்தப் பிள்ளையை மூத்தாரிடமிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டேனோ, அவள் என் வீட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக வேறெங்கோ போய்க்கொண்டிருக்கிறாள். வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் தினமும் சாயந்தரம் என் கையால் சாப்பிட்டுவிட்டு என்னைக் கேலிசெய்கிறாள். அது போதும். அந்தப் பூங்காவைப் பற்றிக் கேட்டால், அம்மாவுக்குக் குதிரை ஏற ஆசை வந்து அப்பாவோடு சண்டைபோட்டது என்றுதான் அவளுக்கு ஞாபகம். நான் திருத்தவில்லை.

இப்போது அந்த இன்னொரு சேதி. வந்தவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "இந்த ஆடியில புரவி எடுத்துட்டா ஒங்க பிள்ளைக்குக் கட்டு விட்டுப்போகுதாம். அது முடிஞ்சதும் அனுப்பச் சொன்னாக. ஒரு மாப்பிள்ளையும் பாத்து வச்சுருக்காகளாம். நல்ல எடமாம், பம்புசெட்டு இருக்காம்."

"அண்ணே சொன்னாச் சரிதான்" என்றார் என் வீட்டுக்காரர். மறுநாள் தனத்தின் பாஸ்போர்ட் விவகாரமாக ஆபீசில் லீவு கேட்டிருக்கிறார்.

நான் கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. வெளியே வந்து, வந்தவரிடம் நேராகவே கேட்டேன். "அண்ணே, பிடிமண்ணு குடுத்தாச்சா?"

"அதெல்லாம் மாசியிலயே குடுத்தாச்சு தாயி. ஒங்க மூத்தாருதான் குடுத்தாரு."

நல்லது என்று சொல்லிவிட்டு அவருக்குக் காப்பி போட உள்ளே போனேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறேன். அந்தக் குதிரைகளுக்குப் புதிதாகச் சாயம் அடித்திருப்பதாகக் கேள்வி. தோழிகள் பார்த்தால் மானம் போகும் என்று தனம் இங்கிலீஷில் கத்துவாள். கத்தட்டும். ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை.